கடைசி செமஸ்டரும் புதுக் குடித்தனமும்: குமரி மாவட்டத்தில் படிக்கும் இளம் தம்பதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணம் முடிந்துவிட்டது, படிப்பு இன்னும் முடியவில்லை. நம் மாவட்டத்தில் இது புதுக் கதை இல்லை. நல்ல இடம் வந்தது, ஜாதகம் பொருந்தியது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஏதோ ஒரு காரணம். பெண் வீட்டில் "படிப்பை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் "அதெல்லாம் நாங்க படிக்க வைப்போம்" என்றார்கள். இப்போது இருவரும் கடைசி செமஸ்டரில் நிற்கிறார்கள். வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு மேசை, இரண்டு ஹால் டிக்கெட்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் படித்தால், யாரும் முடிவெடுக்காமலே ஒருவர் படிப்பு பின்னுக்குப் போய்விடும். பெரும்பாலும் அது பெண்ணின் படிப்பு. அவளைப் படிக்காதே என்று யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் ஆள் வரும், தேங்காய் திருவ வேண்டியிருக்கும், பாத்திரம் கிடக்கும், மறுநாள் இன்டர்னல் இருக்கும். அவ்வளவுதான். இந்த வழிகாட்டியில் நேரம், சமையல், பணம், சான்றிதழ் என்று பலதும் வரும். எல்லாமே இரண்டு பட்டமும் ஒரே வருடத்தில் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான். நானும் என் வீட்டுக்காரரும் நாகர்கோவிலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு அப்படித்தான் முடித்தோம். நான் எம்.எஸ்சி. கணிதம், அவர் பி.எட். எங்களுக்கு உதவியதையும் கூடப் படித்தவர்களிடம் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: பொங்கல் முடிந்ததும் சுவரில் ஒரு காலண்டர்

பொங்கல் லீவு முடிந்த கையோடு கட்டம் போட்ட பெரிய காலண்டர் ஒன்றை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். போனில் இருக்கிற காலண்டர் இதற்கு உதவாது. வீட்டுக்கு வருகிற மாமாவும் மாமியும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் கல்லூரித் தேதிகள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் தேர்வு ஏப்ரல் வாக்கில் வரும். செய்முறைத் தேர்வும் ப்ராஜெக்ட் வைவாவும் அதற்கு முன்பே வந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுக்குத் தனி அட்டவணை. பி.எட். படிப்பவருக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தேதி சொல்லும், அது இதோடு ஒத்துப்போகாது. ஒருவருக்குப் பரீட்சை முடிந்திருக்கும், மற்றவருக்கு இன்னும் தொடங்கியே இருக்காது. இது தொல்லை மாதிரி தெரிந்தாலும் நல்லதுதான். ஒருவர் எழுதும் வாரங்களில் மற்றவர் வீட்டை முழுசாக ஏற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் ஊர்த் தேதிகள். இங்கேதான் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது. தையில் சொந்தக்காரர் கல்யாணங்கள். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவான கொடை, அது முடிவதற்குள் ஊர் ஊராகக் கோயில் கொடை தொடங்கிவிடும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர், இடையில் ஏதாவது ஒரு ஆலயத்தில் அசனம் என்கிற பொது விருந்து. பிறகு சித்திரை விஷு, அதை ஒட்டி அடுத்த கல்யாண சீசன். படிக்க வேண்டிய மூன்று மாதமும் கொண்டாட வேண்டிய மூன்று மாதமும் ஒன்றேதான். இரண்டையும் ஒரே காலண்டரில் இரண்டு நிறத்தில் எழுதினால்தான் எங்கே முட்டுகிறது என்று தெரியும்.

கொடைக்கும் திருவிழாவுக்கும் விடுகிற உள்ளூர் விடுமுறையைச் சும்மா கிடைத்த நாளாக எண்ண வேண்டாம். வழக்கமாக அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் ஆகும். அந்தச் சனிக்கிழமையை மறந்தால் வருகைப்பதிவில் அடி விழும். கலை, அறிவியல் படிப்புகளில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், பி.எட். என்றால் இன்னும் கூடுதல். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் விடக்கூடியது 22 நாள்தான். கல்யாண வாரம், மறுவீடு, பெரியப்பா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து என்று அதில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். கல்லூரி அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டு, மிச்சம் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதைக் காலண்டர் மூலையில் எழுதுங்கள். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் அந்த எண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது எளிது.

படி 2: யாருடைய வீட்டுக்கு யார் பதில் சொல்வது

அழைப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். இருவரும் போயே ஆக வேண்டியவை: கூடப் பிறந்தவர்கள் கல்யாணம், குலதெய்வக் கொடை. ஒருவர் போனால் போதும் என்பவை: ஒன்றுவிட்ட சொந்தம், பக்கத்து வீட்டுப் பால்காய்ப்பு என்கிற புதுமனை புகுவிழா. போனில் பேசி, பரீட்சை முடிந்து ஒருநாள் போய்ப் பார்த்தால் போதும் என்பவை: மீதி எல்லாம். மூன்றாவது பட்டியல்தான் நீளமாக இருக்க வேண்டும்.

மறுப்புச் சொல்வதில் ஒரே ஒரு விதி. கணவர் வீட்டுக்குக் கணவர் சொல்ல வேண்டும், மனைவி வீட்டுக்கு மனைவி சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து "வர முடியாது மாமி" என்று வந்தால் அது பல வருடம் நிற்கும். மகன் சொன்னால் அன்று ராத்திரியே ஆறிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பங்குனியில் இப்படி நடந்தது. மாமி கூப்பிட்டார், என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மக்ளே, வெள்ளிக்கெழம கோயில்ல கொடைல்லா. ரெண்டு நாளு முன்னாடியே ரெண்டு பேரும் வந்திருவியளா?"

"அம்மா, அவளுக்குத் திங்கக்கெழம பரீச்ச கெடக்கு. நான் வியாழக்கெழம வந்து பந்தல் வேலையைப் பாக்கேன். அவ வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து கும்பிட்டுட்டுப் போவா."

"ஊர்ல கேப்பாவல்லா?"

"கேட்டா, மருமவ எம்.எஸ்சி. எழுதுகான்னு சொல்லும்மா."

மாமி அதற்குப் பிறகு கொடைக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், கேட்காதவர்களிடமும். பெருமையாகச் சொல்ல ஒரு வாக்கியத்தைப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். அங்கே மணி கணக்கில் பேசுங்கள். "சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை அவ படிப்பா, ஒன்பது மணிக்கு மேல பாத்திரம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கழுவுவோம்" என்று மகன் சொல்ல வேண்டும். சொன்னபடி அவன் கையில் சோப்பும் இருக்க வேண்டும்.

படி 3: அடுக்களை

வீட்டு வேலையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது கேட்க நன்றாக இருக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. ஆளுக்கொரு முழு வேலை என்று பிரிப்பது நிற்கும். காலைச் சாப்பாடு முழுதும் ஒருவர் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடு முழுதும் மற்றவர் பொறுப்பு. சாமான் தீர்ந்ததைக் கவனிப்பதும் வாங்குவதும் அதில் அடக்கம். "என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வாறேன்" என்று கேட்பவர் பாதி வேலைதான் செய்கிறார். பருப்பு தீர்ந்ததை நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலை, வைவாவுக்குப் படிக்கிற மண்டைக்குள்தான் அதுவும் உட்கார்ந்திருக்கும்.

காலையில் புட்டு. இதைவிட மாணவர் வீட்டுக்கு ஏற்ற சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. மாவை ராத்திரியே வறுத்து டப்பாவில் வைத்திருந்தால், காலையில் நனைத்துத் தேங்காய் போட்டுக் குழாயில் அடைத்து ஆவி வருவதற்குள் குளித்துவிட்டு வரலாம். சிறுபயறு முந்தின ராத்திரி ஊறியிருந்தால் குக்கரில் இரண்டு விசில். பயறு இல்லாத நாளில் ஒரு ஏத்தன்பழம் (நேந்திரம்), ஒரு பப்படம். மதியத்துக்கு டிபன் பாக்ஸில் சம்பா அரிசிச் சோறு, மோர், ஒரு துவையல்.

மீன்கறியை இரண்டு நாளைக்குச் சேர்த்து வையுங்கள். அரை மூடித் தேங்காயைத் திருவி, மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள், நாலைந்து சின்ன உள்ளி சேர்த்து நன்றாக அரைத்து, புளி கரைத்து மண்சட்டியில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். ஏப்ரலில் புளியைக் குறைத்துக்கொண்டு மாங்காய் வெட்டிப் போடலாம். கொதி வந்ததும் சாளையை, அதாவது மத்தி மீனை, போட்டுவிட்டால் கரண்டியால் கிண்டக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து லேசாகச் சுற்றிவிட வேண்டும். சாளை சீக்கிரம் வெந்துவிடும். கடைசியில் கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டியும். அன்று ராத்திரி அவித்த மரச்சீனிக் கிழங்கோடு (மரவள்ளி), மறுநாள் காலை பழங்கஞ்சியோடு. அந்த இரண்டாம் நாள் கறிக்குத்தான் ருசி அதிகம், அன்று சமைக்கிற நேரமும் மிச்சம்.

மீன் விலையைக் கவனித்துக்கொள்ளுங்கள். சின்னமுட்டம் பக்கம், அதாவது கிழக்குக் கடல் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளமும் கட்டுமரமும் போகும், ஆனால் வரத்து குறையும், விலை ஏறும். பரீட்சை மாதத்தில் பட்ஜெட் உதைப்பது இதனால்தான். அந்த வாரங்களில் முட்டை, பயறு, தீயல், புளிக்கறி என்று மாறிக்கொள்ளலாம். கருவாடு வாங்கி வைக்கலாம்தான். ஆனால் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரின் முகத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மேசை, நேரம், ரெக்கார்டு நோட்டு

ஒரு மேசைதான் இருக்கிறது என்றால், அதற்கு நேரம் பிரியுங்கள். ஒருவர் அதிகாலை, ஒருவர் ராத்திரி. ஏப்ரல் மாத மாடி வீட்டில் மதியம் யாராலும் படிக்க முடியாது. தளம் வெந்து ஃபேன் காற்றும் சுடும். அந்த நேரத்துக்குக் கல்லூரி நூலகம்தான் சரி. விடுமுறை நாளில் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்காரலாம்.

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது முதல் மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். பேச்சில் போய்விடும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஒப்பித்துக் காட்டுவது வேறு, அது நல்ல பழக்கம். பாடம் தெரியாத ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் விளங்க வைக்க முடிந்தால் வைவாவில் பயம் இருக்காது. என் வீட்டுக்காரர் தமிழ் இலக்கியம் படித்தவர். டோபாலஜி என்கிற கணிதப் பாடத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியாவது சொல்ல நான் பட்ட பாடு, புற மதிப்பீட்டாளர் முன்னால் கைகொடுத்தது.

ரெக்கார்டு நோட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பி.எட். படிப்பென்றால் பாடத்திட்டக் குறிப்பு, கற்பித்தல் துணைக்கருவி, சார்ட், பதிவேடு என்று எழுதித் தள்ள வேண்டியது மலை மாதிரி இருக்கும். "உன் கையெழுத்து நல்லா இருக்குல்லா, இத மட்டும் எழுதிக் குடு" என்று தொடங்கும். இத மட்டும் என்பது மாசி முழுதும் ஓடும். சார்ட்டில் ஒரு படம் வரைந்து கொடுக்கலாம், ஸ்கேல் பிடிக்கலாம். ஆனால் அவருடைய ரெக்கார்டை அவர்தான் எழுத வேண்டும். மறுபக்கமும் அப்படியே: இவளுடைய ப்ராஜெக்ட்டை டைப் செய்துகொடுக்கிறேன் என்று அவர் தன் படிப்பை விட வேண்டாம்.

அரியர் இருந்தால் தேர்வுக் கட்டணப் படிவத்திலேயே அந்தத் தாளையும் சேர்த்துக் கட்டியாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். கடைசி செமஸ்டர் தாள்கள் எல்லாம் பாஸாகி, பழைய ஒரு தாளால் பட்டம் தள்ளிப்போனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். ப்ராஜெக்ட் பைண்டிங்கைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள், ஊரிலுள்ள எல்லாக் கல்லூரிக்கும் அதே வாரம்தான் கடைசி.

படி 5: பணம்

கடைசி செமஸ்டரின் செலவுகள் சின்னச் சின்னதாக வந்து சேரும்: தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, பைண்டிங், வகுப்புக் குரூப் போட்டோ, பேர்வெல், தற்காலிகச் சான்றிதழ் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம். இவற்றுக்கென்று ஒரு கவர் தனியாக வைத்து, ஜனவரியிலிருந்தே அதில் போட்டு வாருங்கள். பேர்வெலுக்குப் புதுப் புடவை வேண்டாம். கல்யாணத்துக்கு எடுத்ததில் ஒருமுறை கட்டியதும் கட்டாததுமாக இருக்கும், பிளவுஸும் தைத்துத் தயாராக இருக்கும்.

வருமானம் எந்த மாதத்தில் வற்றும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கத்துப் பையன்கள் சிலர் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவார்கள். தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். தேர்வுக் கட்டணம் கட்டும் சமயமும் அதுதான். டியூஷன் எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக மார்ச்சில் பிள்ளைகள் நெருக்குவார்கள், பணம் வரும், உங்கள் நேரம் போகும். பொதுத்தேர்வு முடிந்ததும் அந்த வருமானமும் நின்றுவிடும். தோவாளைப் பக்கம் பூக் கட்டுகிற வீடுகளில் முகூர்த்த நாளுக்கு வேலை கூடும், ஆனால் அது ராத்திரி முழிப்பு. மறுநாள் இன்டர்னல் இருந்தால் விட்டுவிடுவதே லாபம்.

கல்யாணத்தில் மொய்யாக வந்த சுருள் பணத்தைச் செலவழிக்கக் கை துடிக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் அதே சொந்தக்காரர்கள் வீட்டில் கல்யாணம் வரும், அங்கே திருப்பிச் செய்ய வேண்டும். சுருள் எழுதிய நோட்டைப் பார்த்து, அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, கணவருக்குத்தான் பஸ் செலவு. வீடு பார்க்கும்போது இதை யோசியுங்கள். வடசேரி, அண்ணா பேருந்து நிலையம் இரண்டுக்கும் எட்டாத இடத்தில் வாடகை குறைவு என்று போனால், மிச்சம் பிடித்தது ஆட்டோவில் போகும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, இப்போது இளநிலைப் பட்டம் படிக்கிற பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவள் கணக்குக்கே வரும். படிப்பு முடியும் வரை அந்தக் கணக்கை மூடவோ மாற்றவோ வேண்டாம். கல்விக்கடன் இருந்தால், பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இருவருக்கும் கடன் இருந்தால் இரண்டு தவணையும் எந்த மாதம் தொடங்கும் என்று வங்கியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: "ஏதும் விசேஷம் உண்டா?"

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆனதும் இந்தக் கேள்வி வரும். பஸ் ஸ்டாப்பில் வரும், கோயில் நடையில் வரும், ஹால் டிக்கெட்டை நகல் எடுக்கப் போன கடையில் வரும். சிரித்துவிட்டுப் "பரீட்சை முடியட்டும் மாமி" என்று நகர்ந்துவிடலாம். ஆனால் உங்கள் இருவருக்குள் இதைச் சிரித்து நகர்த்தக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது வேண்டாம் என்றால், நாள் கணக்கை மட்டும் நம்பி இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் கேளுங்கள். ஆணுறை, மாலா-என் மாத்திரை, சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். கணவரும் கூடப் போக வேண்டும். இது இருவர் விஷயம்.

ஏற்கெனவே கர்ப்பம் என்றால் படிப்பை விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பெண் மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் சலுகையும் தரும்படி விதிகள் வகுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. துறைத் தலைவரிடம் முதல் மாதமே எழுத்தில் கொடுத்து, டாக்டர் சான்றின் நகலையும் சேர்த்து வையுங்கள். வாந்தி மயக்கம் காலையில்தான் அதிகம் என்றால் செய்முறைத் தேர்வில் மதிய பேட்ச் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

படி 7: மார்ச்சுக்குள் ஒரு பேச்சு

"பரீட்சை முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று தள்ளிவைத்தால், பரீட்சை முடிந்த வாரமே அவருக்கு எங்கோ வேலை என்று முடிவாகி, இவள் கூடப் போவதாக ஊரே பேசிவிடும். அடுத்த இரண்டு வருடம் யார் எங்கே என்பதை மார்ச்சிலேயே பேசுங்கள்.

நம் மாவட்டத்தில் வழிகள் ஓரளவு தெரிந்தவைதான். கணினி படித்தவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் இருக்கிற டெக்னோபார்க் ஐ.டி. வளாகம், ரயிலில் எட்டுகிற தூரம். தினமும் போய்வருவது முதல் மாதம் முடியும், மழைக்காலத்தில் முடியாது. ஆசிரியர் வேலை என்றால் பி.எட். இரண்டு வருடம், பிறகு தகுதித் தேர்வு. நர்சிங் என்றால் வளைகுடாவோ கேரளமோ பேச்சில் வரும். அரசு வேலைக்குப் படிக்கிறோம் என்றால், டி.என்.பி.எஸ்.சி.யில் அறிவிக்கை வெளியாகும் தேதியில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி உள்ள குரூப் 4-க்கு இப்போதே விண்ணப்பிக்கலாம், முதல் பட்டம் படிப்பவர் குரூப் 2-க்கு முடிவு வரும் வரை பொறுக்க வேண்டும். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

பேசும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். அவர் வேலைக்குப் போனால் இவள் என்ன செய்வாள், இவள் வேலைக்குப் போனால் அவர் என்ன செய்வார். முதல் பத்தி ஐந்து நிமிடத்தில் நிரம்பும். இரண்டாவது பத்திக்கு அதே அளவு வரி வரும் வரை எழுந்திருக்கக் கூடாது.

படி 8: பெயர், இனிஷியல், அட்டைகள்

பட்டம் கையில் வரும் வரை பெயரிலும் இனிஷியலிலும் கை வைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கிற அதே எழுத்துதான் பட்டத்திலும் வரும். கல்யாணம் ஆனதால் அப்பாவின் எழுத்தை மாற்றிக் கணவரின் எழுத்தைப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால், பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் "இருவரும் ஒருவரே" என்று சான்று தேடி அலைய வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பட்டம் வந்தபின் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சாதிச் சான்றிதழ் பிறப்பைப் பொறுத்தது, கல்யாணத்தால் மாறாது. மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றில் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவா என்று, பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்துத்தான், கணவரின் சம்பளத்தை வைத்து அல்ல. கல்யாணம் ஆகிவிட்டது என்று இ-சேவை மையத்தில் யாராவது கணவர் வருமானத்தைக் கேட்டால், பொறுமையாக இதைச் சொல்லுங்கள்.

கல்யாணப் பதிவை ஒத்திப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். தையில் கல்யாணம் என்றால் அந்த 90 நாள் சரியாகப் பரீட்சைக்குள் போய் முடியும், அதனால் மாசியிலேயே முடித்துவிடுங்கள். பத்திரிகை, போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள். பத்திரிகை ஒன்றிரண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், எல்லாவற்றையும் ஊரில் கொடுத்துவிட்டு ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் தேடுபவர்கள் உண்டு. ரேஷன் அட்டைக்கு அவசரம் இல்லை. இந்த ஆண்டு உதவித்தொகை வந்து சேர்ந்தபின், இருவர் பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீக்கிப் புது அட்டைக்கு விண்ணப்பித்தால் போதும்.

படி 9: பரீட்சை மாதமும் அதற்குப் பிறகும்

பரீட்சை மாதத்துக்குச் சொல்ல அதிகம் இல்லை. எழுதுகிறவர் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் விழிக்க வேண்டாம், எழுதாதவர் அன்று அடுக்களையை முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். கோடைமழை இடிக்குக் கரண்ட் போகும், எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜில் போட்டு வையுங்கள். தாளை எழுதிவிட்டு வந்தவரிடம் "எப்படி?" என்று ஒருமுறை கேட்டால் போதும்.

கடைசித் தேர்வன்றே போட்டோ எடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். நூலகம், ஆய்வகம், விடுதி மூன்றிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும், அதன் பிறகுதான் மாற்றுச் சான்றிதழ். தமிழ் வழியில் படித்தவர் என்றால், தமிழ்வழிச் சான்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை அதை வைத்துத்தான், பள்ளியிலிருந்தும் அதேபோலச் சான்று வேண்டும். ரிசல்ட் வந்த அன்றே மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று பாருங்கள், அந்தக் கால அவகாசம் குறைவு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா அபிஷேகப்பட்டியில் நடக்கும். இருவருக்கும் ஒரே விழாவாக அமையாது, ஆனாலும் இரண்டுக்கும் இருவரும் போங்கள்.

சான்றிதழ்களை லேமினேட் செய்ய வேண்டாம், சில இடங்களில் அப்படியே வாங்கமாட்டார்கள். ஜூனில் மழை பிடித்ததும் சுவர் ஓதம் ஏறும். பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்து, ஸ்கேன் எடுத்து இருவர் மெயிலிலும் சேமியுங்கள். அவர் ஃபைல் வேறு, அவள் ஃபைல் வேறு. பிறகு நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் உங்கள் பட்டத்தை எங்கே பதிய வேண்டும் என்று கேட்டுப் பதியுங்கள். அங்கே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்குகிறது என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். பதியும்போது இரண்டு விண்ணப்பத்திலும் அவருடைய போன் நம்பரையே கொடுக்காமல், அவளுடையதில் அவளுடைய நம்பரைக் கொடுங்கள்.